ஊட்டியின் பழைய பங்களாக்கள்: கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏரி, பூங்கா, தொட்டபெட்டா என்று சுற்றிவிட்டு மாலையே மலையிறங்கிவிடுகிறார்கள். அந்த இடங்களுக்கு நடுவில் வண்டி கடக்கும் சாலைகளில்தான் இருநூறு ஆண்டு வீட்டுக் கட்டடக்கலை நிற்கிறது. சைப்ரஸ் வேலிக்குப் பின்னால் செங்கூரை, அதன் மேல் நாலைந்து சிம்னி, முன்னால் கண்ணாடி அடைத்த வராந்தா. ஜன்னல் வழியே ஒரு நொடி தெரிந்து மறைந்துவிடும். இறங்கி நடந்தால் ஒரே நாளில் இவற்றில் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம்.

"எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினது" என்று இவற்றை ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வரைபடம் அவர்களுடையது. ஆனால் மழை இந்த மலையுடையது, கல்லும் மரமும் பெரும்பாலும் இந்த வட்டாரத்துடையவை, சுமந்ததும் சுவர் எழுப்பியதும் நம் கைகள். எந்தக் கூரைச் சரிவையும் எந்த ஜன்னலையும் மழை, குளிர், மலைப்பாதை ஆகிய மூன்றையும் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். பாணியின் பெயர்களை அதற்கப்புறம் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் படி: நாளும் நேரமும்

ஏப்ரல், மே சீசனில் இந்த நடை வேண்டாம். சாலையில் நிற்கவே இடமிருக்காது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், காலை வெயில் சாய்ந்து விழும், மரவேலைப்பாடும் கல்வரிசையும் துலக்கமாகத் தெரியும். உறைபனிக் காலமானால் ஏழு மணிக்கு மேல் கிளம்புங்கள், காதை மூடிக்கொள்ளுங்கள். வார நாளாக இருப்பது நல்லது. பல கட்டடங்கள் இப்போது அலுவலகங்களாக இருப்பதால் வாயில் திறந்திருக்கும்.

வெளியூர் வண்டியில் வருவதானால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். முன்கூட்டியே இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் அனுமதி இல்லை, சொந்தக் குடுவை கொண்டு வாருங்கள். பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ, குடை, ஒரு சிறிய பைனாகுலர் இருந்தால் போதும். கூரையைப் பார்க்கப் போகிறோம் என்பதால் பைனாகுலரை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டாம் படி: வாயிலில் நிற்கும் முறை

இவற்றில் பல தனியார் வீடுகள், சில அரசு விடுதிகள், சில கிளப், சில பள்ளி. கேட் திறந்திருக்கிறது என்பதால் உள்ளே போய்விடக் கூடாது. வாட்ச்மேனிடம், "அண்ணா, வீட்டை வெளியில இருந்து பாத்துட்டுப் போறோம், போட்டோ எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். பல வேளை அந்த அண்ணனே, "கணப்பு இன்னும் எரியுதுங்க, உள்ள மரப்பலகைத் தரைதான்" என்று நமக்குத் தெரியாததைச் சொல்வார். அவருடைய அப்பாவும் அதே வீட்டின் தோட்டத்தில் வேலை பார்த்தவராக இருக்கலாம். அவர் பேசினால் நின்று கேளுங்கள்.

மூன்றாம் படி: கூரையிலிருந்து தொடங்குங்கள்

சமவெளியில் ஒரு பழைய வீட்டைத் திண்ணையிலிருந்து பார்க்கத் தொடங்குவோம். மலையில் கூரையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் இங்கே வீட்டின் முதல் வேலை தண்ணீரைத் தள்ளிவிடுவது. மழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும், மூடுபனி இறங்கினால் சுவர் உலராது. அதனால் கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி நன்றாக நீண்டு நிற்கும்.

தொடக்க கால வீடுகளுக்குப் புல் வேய்ந்தார்கள், மரச் செதிள் அடுக்கினார்கள். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் தட்டையான மங்களூர் ஓடு பரவியது. நாட்டு ஓட்டைவிட எடை குறைவு, காற்றில் நகராது, ஒழுக்கும் குறைவு. ஆகவே மங்களூர் ஓடு போட்ட வீடு எவ்வளவு பழையதாக இருந்தாலும் அந்தக் கூரை 1865க்குப் பிந்தியது, கீழே உள்ள சுவர் அதற்கு முந்தியதாக இருக்கலாம். கழற்றி வைத்த ஓடு எங்காவது கிடந்தால் திருப்பிப் பாருங்கள், கம்பெனி முத்திரை இருக்கும். அதில் ஆண்டு இருந்தால் அவசரப்பட்டு அதையே வீட்டின் வயதாக எழுதிவிடாதீர்கள். கம்பெனி தொடங்கிய ஆண்டையும் ஓட்டில் அச்சிடுவது வழக்கம்.

செங்காவி வண்ணம் அடித்த தகரக் கூரையையும் நிறையப் பார்ப்பீர்கள். தகரம் இளப்பமானதல்ல. மாட்டு வண்டியில் மலையேற்ற வேண்டிய காலத்தில் எடை குறைந்த பொருள்தான் பெரிய வரம். ரயில் 1899இல் குன்னூர் வரைதான் வந்தது, ஊட்டிக்கு வந்து சேர 1908 ஆயிற்று. அதற்கு முன்பு கட்டிய எந்த வீட்டைப் பார்த்தாலும் அதன் ஒவ்வொரு கண்ணாடிச் சட்டமும் இரும்புத் தூணும் மலைப்பாதையில் வண்டியிலோ தலைச்சுமையிலோ ஏறியது என்பதை மனதில் வையுங்கள். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு அடியில் குடியிருக்க முடியாது, அதனால் உள்ளே பலகையால் மச்சு அடைத்தார்கள். அந்தப் பலகை குளிரையும் தடுத்தது.

அடுத்து சிம்னிகளை எண்ணுங்கள். வீட்டில் எத்தனை அறைகளுக்குக் கணப்பு இருந்தது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். ஒரே சிம்னித் தண்டின் தலையில் இரண்டு மூன்று குழாய் தெரிந்தால் அடுத்தடுத்த அறைகளின் கணப்புகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன என்று பொருள். விறகுக்கு முதலில் சோலை எனப்படும் மலையின் இயற்கைக் காட்டு மரங்களையே வெட்டினார்கள். சோலை கண்ணெதிரே குறையக் குறைய, 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் மலையெங்கும் நட்டார்கள். இன்று ஊட்டியின் முகமாக நாம் நினைக்கும் அந்தக் கற்பூரக் காட்டுக்கு இந்தச் சிம்னிகளும் ஒரு காரணம். வீட்டின் அழகை ரசிக்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நான்காம் படி: முகப்பு

கூரையின் இரு சரிவுகள் சேரும் முக்கோண முகட்டில், ஓரத்தை ஒட்டிச் சித்திர வேலைப்பாடு செய்த மரப்பலகை தொங்கும். பார்க்க சரிகைக் கரை போல இருக்கும். அழகுக்கு மட்டும் வைத்ததல்ல, ஓட்டுக்கு அடியிலுள்ள வாரைகளின் வெட்டுமுனையில் சாரல் படாமல் மறைப்பது அதன் வேலை. பலகை உளுத்துப்போன வீடுகளில் அடுத்து உளுத்துப்போவது வாரைதான். பைனாகுலரில் இந்தப் பலகையை நிதானமாகப் பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே சித்திரம் இருந்தால், ஒரே தச்சுப் பட்டறையின் வேலையாக இருக்கக்கூடும்.

வராந்தா சமவெளி பங்களாவிலிருந்து வந்த உறுப்பு. மதராஸிலும் கோயம்புத்தூரிலும் வெயிலுக்கு ஒதுங்கத் திறந்து வைத்தார்கள். அதே வராந்தாவை இங்கே கட்டிய பிறகு காற்றும் சாரலும் தாங்காமல் கண்ணாடி அடைத்தார்கள். ஒரே உறுப்பு நிழல் தரும் இடமாகப் போய் வெயில் பிடிக்கும் அறையாக மாறிய கதையை ஊட்டியில் வீட்டுக்கு வீடு காணலாம். தூண்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் பாதி புதைந்திருந்தால் வராந்தா முதலில் திறந்திருந்தது, பின்னால் அடைத்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லலாம். சுவரிலிருந்து மூன்று பக்கமாகப் பிதுங்கி நிற்கும் பெரிய ஜன்னலும் அதே வேலையைத்தான் செய்கிறது. எந்தப் பக்கம் சூரியன் எட்டிப் பார்த்தாலும் அறைக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: சுவரும் பின்கட்டும்

பழைய சுவர்கள் தடிமனானவை. ஜன்னல் ஓரத்தில் தெரியும் ஆழத்தைப் பார்த்தாலே புரியும். கல் அஸ்திவாரம், மேலே கல் அல்லது செங்கல், சுண்ணாம்புச் சாந்து. மூலைகளில் மட்டும் செதுக்கிய கல் வைத்து நடுவே பூசியிருப்பார்கள்.

முகப்போடு நின்றுவிடாதீர்கள். பக்கவாட்டுச் சாலையில் போய்ப் பின்கட்டைப் பாருங்கள். சமையல்கட்டு பெரும்பாலும் தனிக் கட்டடம், கூரை வேய்ந்த நடை ஒன்று அதை வீட்டோடு இணைக்கும். அதற்கும் பின்னால் வரிசை வீடுகள், குதிரை லாயம், விறகுக் கொட்டகை. மாளிகையின் எல்லா அறையிலும் கணப்பு இருக்க, அந்த வரிசை வீடுகளில் சிம்னி இருக்காது. அங்கேதான் சமையல்காரர், தோட்டக்காரர், ஆயா, குதிரைக்காரர் குடும்பங்கள் டிசம்பர் பனியைக் கழித்தன. கட்டடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைப் படம் எடுப்பதே இல்லை. நீங்களாவது எடுங்கள்.

ஆறாம் படி: நடக்கலாம்

முதலில் கல் பங்களா. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ்தான் ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பாருங்கள். பின்னால் வந்த மாளிகைகளைக் கண்ட கண்ணுக்கு இது எளிமையாகத் தெரியும், ஆனால் வரிசையில் இதை முதலில் பார்ப்பதுதான் சரி. வண்டிப்பாதைகூட ஒழுங்காக இல்லாத காலத்தில், அருகில் கிடைத்த கல்லைக் கொண்டு என்ன கட்ட முடிந்தது என்பதை இங்கே காணலாம். இந்த நிலமெல்லாம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மேய்ச்சல் நிலம். ஏக்கர் ஒரு ரூபாய்க்குச் சல்லிவன் வாங்கினார்.

அடுத்தது புனித ஸ்டீபன் தேவாலயம். வீடு இல்லைதான், ஆனால் ஊட்டி வீடுகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டினார்கள். வரைந்தது கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட், மதராஸ் படையைச் சேர்ந்தவர். உள்ளே போய் முதலில் மேலே பாருங்கள். அந்த உத்தரங்களும் மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மஹாலிலிருந்து வந்தவை. 1799இல் வீழ்ந்த ஓர் அரண்மனையின் தேக்கு, முப்பது ஆண்டு கழித்து மைசூர்ச் சமவெளியைத் தாண்டி, இவ்வளவு உயரத்துக்கு ஏறி ஒரு தேவாலயத்தைத் தாங்கத் தொடங்கியது. இவ்வளவு பெரிய மரத்தை மலையேற்றியது யானைகளின் உழைப்பும் ஆட்களின் உழைப்பும். வெளியே தேவாலயத்தின் கோபுரம் உயரமாக இல்லாமல் குந்தினாற்போல இருப்பதைக் கவனியுங்கள். மேல்சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இங்கே அரை மணி நேரமாவது இருங்கள். பிரார்த்தனை நேரமானால் வெளியே காத்திருங்கள்.

அதே பகுதியில் கலெக்டர் அலுவலகம், நீதிமன்றம், பிரீக்ஸ் நினைவுப் பள்ளி, நீலகிரி நூலகம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பிரீக்ஸ் பள்ளி, 1872இல் இறந்த நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் நினைவாக எழுந்தது. நூலகம் 1859இல் தொடங்கியது, கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். மெரினாவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு இவர் பெயர் தெரிந்திருக்கும். கடற்கரையில் குவிமாடமும் வண்ணக் கண்ணாடியுமாக விளையாடிய அதே கை, இங்கே கூர்வளைவு ஜன்னலோடு கோதிக் பாணியில் அடக்கமாக நிற்கிறது. அந்த உயரமான ஜன்னல் வெறும் பகட்டுக்கல்ல. மேகம் மூடிய மத்தியானத்திலும் வாசிப்பு மேசையில் வெளிச்சம் விழ வேண்டுமே. நூலகம் உறுப்பினர்களுக்கானது, உள்ளே பார்க்க முன்அனுமதி கேளுங்கள்.

கொஞ்சம் மேலே ஊட்டி கிளப். சர் வில்லியம் ரம்போல்ட் 1830களின் தொடக்கத்தில் தங்கும் விடுதியாகக் கட்டியது, பிறகு கிளப் ஆனது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1880களில் இங்கே உருப்பெற்றன என்பது இதன் பெருமை. நம் பார்வைக்கு முக்கியமானது முன்னால் நிற்கும் தூண்கள். கிரேக்கச் சாயலில் வெள்ளையாக உயர்ந்த தூண் மதராஸ் மவுண்ட் ரோட்டுக்குப் பொருந்தும், மலைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தொடக்க காலத்தில் சமவெளி மாளிகையை அப்படியே தூக்கி வைக்கப் பார்த்தார்கள், முகடும் மரச்சரிகையும் பிற்பாடுதான் ஆட்சி செலுத்தின. உறுப்பினர் அல்லாதோர் வாயிலோடு நிற்க வேண்டும், அங்கிருந்தே தூண்கள் தெரியும். அருகில் சவாய் ஹோட்டல். ஒரே பெரிய கட்டடமாக இல்லாமல் தோட்டத்துக்குள் தாழ்ந்த வீடுகள் சிதறிக் கிடக்கும் அமைப்பு, மலை பங்களாவின் அளவையும் அடக்கத்தையும் காட்டும். ஒரு காபி குடிக்கிற சாக்கில் உட்கார்ந்து மேலே சொன்ன படிகளை நிதானமாகப் பயிற்சி செய்ய இதுவே தோதான இடம்.

மதியத்துக்கு மேல் சேரிங் கிராஸ் வழியாகப் பூங்காப் பக்கம் போங்கள். போகிற வழியில் உள்ள நீரூற்று, 1881இல் பதவியில் இருக்கும்போதே ஊட்டியில் இறந்த ஆளுநர் ஆடம் நினைவாக வைத்தது. தாவரவியல் பூங்காவை ஒட்டி மேலே, ராஜ்பவன் என்று அறியப்பட்ட ஆளுநர் மாளிகை. 1870 முதல் மதராஸ் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது, அதற்கேற்ற மாளிகையை எழுப்பியவர் 1875 முதல் 1880 வரை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமான். பொதுமக்கள் உள்ளே போக முடியாது. பூங்காவின் மேல்தளத்திலிருந்து தெரிகிற அளவு பார்த்துக்கொள்ளலாம்.

பூங்காவுக்கு மேலே தோடர் மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருக்கிறது. இந்த நடையில் அதைச் சேர்க்காவிட்டால் நடை முழுமை பெறாது. அரைவட்டமாக வளைந்த தோடர் வீட்டைப் பாருங்கள். மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டி, புல் வேய்ந்து, கூரை ஏறக்குறைய தரை வரை இறங்கியிருக்கும். வாசல் குனிந்து நுழையும் அளவே, அதனால் குளிர்காற்றும் புகாது, உள்ளே மூட்டிய அடுப்பின் சூடும் வெளியேறாது. நீண்ட கூரை, சிறிய திறப்பு, உள்ளே நெருப்பு. பங்களாக்காரர்கள் ஐம்பது ஆண்டு தட்டித் தடவிக் கற்றுக்கொண்டதை இந்த வீடு முன்பே தெரிந்து வைத்திருந்தது. இது மக்கள் குடியிருக்கும் இடம், வழிபாட்டு இடமும் கூட. கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மாலைக்கு ஃபெர்ன்ஹில் அரண்மனை. ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். 1844இல் கட்டிய பங்களா ஒன்றை மைசூர் அரச குடும்பம் 1870களில் வாங்கிப் பெரிதாக்கியது. செம்மண் நிறச் சுவர், சுவிட்சர்லாந்து மலைவீட்டுச் சாயலில் முகடுகள், முகடு தோறும் மரச்சித்திரம். மரச்சரிகை இந்த ஊரில் எந்த உச்சம் வரை போயிற்று என்று பார்க்க இங்கேதான் வர வேண்டும். மைசூர் மட்டுமல்ல, ஹைதராபாத் நிஜாமுக்கு சீடர்ஸ், ஜோத்பூர் மன்னருக்கு ஆரன்மோர் என்று சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இங்கே வீடு வாங்கின. கோடையில் அரசாங்கம் எங்கே இருந்ததோ அங்கே அவர்களும் இருக்க வேண்டியிருந்தது. ஆரன்மோர்தான் இன்று தமிழகம் மாளிகை, தமிழ்நாடு அரசின் விருந்தினர் இல்லம்.

இன்னும் அரை நாள் இருந்தால் மறுநாள் காலை மலை ரயிலில் லவ்டேல் வரை போங்கள். லாரன்ஸ் பள்ளியின் இத்தாலியச் சாயல் மணிக்கோபுரம் மரங்களுக்கு மேலே தெரியும், அதுவும் சிஷோம் வரைந்தது. அந்தக் கட்டடப் பணியில் கைதிகளை வேலை வாங்கினார்கள். பள்ளி என்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது.

ஏழாம் படி: குறிப்பெடுங்கள்

ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கேட் தூணில் இருக்கும் பெயர், கூரைப் பொருள், சிம்னி எண்ணிக்கை, வராந்தா திறந்ததா அடைத்ததா, மரச்சித்திரத்தின் ஒரு கைப்படம், பின்கட்டில் என்ன இருக்கிறது. இவ்வளவு போதும். பாணிப் பெயரைக் கடைசியில் எழுதுங்கள், தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஊட்டியில் ஒரே வீட்டில் மூன்று பாணி கலந்திருப்பது சாதாரணம். குடியிருப்பவர்களின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ இணையத்தில் போட வேண்டாம்.

இப்படி ஒரு வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, அல்லது தாத்தா காலத்து வீட்டைச் செப்பனிடப் போகிறவர்களுக்கு, ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு, உள்ளே ஏறிய ஈரத்தை வெயில் நாளில் மெல்ல வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும், ஈரம் சுவருக்குள்ளேயே நின்று கல்லுக்கும் மரநிலைக்கும் இறங்கும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பி, வண்ணம் உரிந்து, நிலையின் அடிப்பாகம் மெத்தென்று ஆகிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும் வரை காத்திருப்பது மேல். அதுவரை செய்ய வேண்டியவை: உடைந்த ஓட்டை மாற்றுவது, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைக்காமல் பார்ப்பது, சுவரோரம் மண் மேடிட்டிருந்தால் வெட்டித் தாழ்த்துவது, சிம்னியை ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது. மே கடைசிக்குள் இவற்றை முடித்துவிடுங்கள், ஜூன் மழை வந்த பிறகு யாரும் கூரையில் ஏற முடியாது.